நெற்றியில் ஒரு நீல வட்டம்

யுத்தம் முடியாத அந்த வருடங்களில், கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு அருகே ஊழியர் அடையாள அட்டை அடித்துக் கொடுக்கும் ஒரு கடையில் வேலை செய்தேன். சோதனைச்சாவடியில் நீட்ட எல்லோருக்கும் ஏதாவது ஓர் அட்டை வேண்டியிருந்த காலம். நீல அட்டையில் படங்களைப் பதிக்கும் ப்ரோக்ராமை நான்தான் எழுதியிருந்தேன். படத்தில் வெட்டப்பட்டு ஊடாகத் தெரியும் இடம் இருந்தால் ப்ரோக்ராம் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடத்தில் அட்டையின் நீலம் எட்டிப் பார்க்கும்.

ஒரு பின்னேரம் தெல்தோட்டைப் பக்கத் தோட்டத்திலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகள் மறுநாள் காலை கொழும்புக்குப் புது வேலைக்குப் போகிறாள். முதல் நாள் நாங்கள் கொடுத்த அட்டையைத் தாய் மேசையில் வைத்தார்.

"என்னங்க மிஸ், எங்க புள்ளைக்கு நீலப் பொட்டு வச்சிட்டீங்க?"

உண்மைதான். நெற்றி நடுவே, அட்டையின் அதே நீலம், வட்டமாக.

வழக்கம்போல் பட்டியல் போட்டேன். ஒன்று, பிரிண்டர்: மற்ற அட்டைகள் சரி. இரண்டு, ஸ்டூடியோவில் எடுத்துக் கொடுத்த படத்தின் ஃபைல்: ஒழுங்காகத் திறந்தது. மூன்று, ப்ரோக்ராம்: ஊடாகத் தெரியும் இடம் இல்லை என்றே சொல்லியிருந்தது. நான்காவதாக எதுவும் தோன்றவில்லை. மூன்றையும் திரும்ப ஒருமுறை பார்த்தேன்.

பிறகுதான் நினைவு வந்தது. ப்ரோக்ராமிடம் நான் பார்க்கச் சொன்னது படத்தின் நான்கு மூலைகளை மட்டும். ஸ்டூடியோக்களில் பின்னணியைத்தானே வெட்டுவார்கள்? நெற்றியில் யார் வெட்டப்போகிறார்கள்?

"ஸ்டூடியோல பொட்ட அழிக்கச் சொன்னது நான்தாங்க" என்றார் தாய்.

"பேர வாசிச்சா தமிழ்னு தெரிஞ்சிரும்தானேம்மா?" என்றாள் மகள்.

"பேர வாசிக்க முன்ன மூஞ்சியத்தான் பாப்பாங்க. நீ சும்மா இரு."

ஸ்டூடியோக்காரர் கம்பியூட்டரில் தேய்த்து அழித்துவிட்டு, தோலின் நிறத்தை நிரப்பாமல் விட்டிருந்தார். படத்தில் அந்த இடத்துப் புள்ளிகளின் எண்களை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் நான்கு எண்கள்: மூன்று நிறத்துக்கு, கடைசியானது அது தெரிய வேண்டுமா என்பதற்கு. கடைசி எண் பூச்சியம். முதல் மூன்றும் குங்குமச் சிவப்பு. பொட்டு உள்ளேயே இருந்தது. அந்தக் கடைசி எண்ணை மாற்றினால் திரும்பி வந்துவிடும். எதைச் சரியான படம் என்று சொல்வது என எனக்கு விளங்கவில்லை.

"உங்களுக்கு எப்பிடி வேணும்?" என்று மகளிடம் கேட்டேன்.

"அம்மா சொல்றபடியே செய்ங்க மிஸ்."

பக்கத்துத் தோலின் நிறத்தால் நிரப்பினேன். எல்லாப் புள்ளிகளையும் பார்க்கும்படி ப்ரோக்ராமைத் திருத்தி ஓட்டினேன். ஊடாகத் தெரியும் இடம் இல்லை என்றது, இந்த முறை நம்பலாம்.

தாய் புது அட்டையை மகளின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். அவள் பொட்டு வைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். தாய் தன் சேலைத் தலைப்பை எச்சிலில் நனைத்து அந்தப் பொட்டைத் துடைத்தார்.

"இப்ப ரெண்டும் ஒன்னுதானே மிஸ்?"

ப்ரோக்ராமுக்குத் தெரிந்தது அட்டையிலுள்ள படம் மட்டும்தான். நான் குனிந்து, அட்டைக்கு உறை தேடினேன்.