நாற்பத்து மூன்றில் நின்ற வண்டி

எங்கள் வீட்டில் அக்காவுக்கு ‘நிதானம்’ என்று பெயர். எனக்கு ‘அவசரம்’. ஆளைப் பார்த்து அம்மா வைத்த பெயர்கள், அதனால் இன்று வரை ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.

அக்கா முதலில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தாள். பலகை நிறைய ஓட்டைகள். எதில் எந்த வயரைச் செருகினால் யார் பேசுவார்கள் என்பது அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. எக்ஸ்சேஞ்சை மூடியதும் நாற்பது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். பதினெட்டு வருஷமாக டயாலிசிஸ் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வருகிறாள். பின்சீட்டில் தலையணை, வாந்தி வந்தால் பிடிக்க ஒரு கிண்ணம், எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும்.

போன மாதம் பாலத்தின் நடுவில், பின்சீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் படுத்திருக்க, வண்டி சட்டென்று அணைந்துவிட்டது. பின்னால் வந்த லாரி மயிரிழையில் விலகிப் போனது. மறுபடி ஸ்டார்ட் செய்து வீடு வந்து சேர்ந்தபோது இன்ஜின் விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. நான் டிவி ரிப்பேர் பார்ப்பவன், கையில் வண்டிக் கோளாறைப் படித்துச் சொல்லும், புதிதாக வாங்கிய ஸ்கேனர் வேறு. சும்மா இருப்பேனா? செருகினேன், திரையில் வந்ததைப் படிக்காமலே ‘அழி’யை அமுக்கினேன், விளக்கு அணைந்தது. “சரி பண்ணிட்டேன்க்கா” என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

மறுநாள் மெக்கானிக் தன் கருவியைச் செருகிப் பார்த்தார். “வண்டில கோளாறுன்னு ஒரு பதிவும் இல்லக்கா. கிளட்ச்ல கால் தடுமாறியிருக்கும்” என்றார். அக்கா அதை நம்பிவிட்டாள். அன்றிலிருந்து நோயாளிகளை ஏற்றவில்லை. வண்டியை வேறொரு டிரைவரிடம் ஒப்படைப்பதென்று முடிவு செய்துவிட்டாள். அழித்தால் பதிவும் சேர்ந்து போய்விடும் என்பது ஸ்கேனரோடு வந்த புத்தகத்தைப் பிறகு புரட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகும் வாயைத் திறக்க வெட்கமாக இருந்தது.

ஒப்படைக்கக் கிளம்பிய காலையில் ஸ்கேனரை எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். மில் மதிலை ஒட்டிய நேர் சாலையில் வண்டி மறுபடியும் அணைந்தது, விளக்கு எரிந்தது. அக்கா உருண்ட வேகத்திலேயே ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சாவியை அணைத்தாள்.

“பாத்தியா, மறுபடியும் என் கால்தான்” என்றாள்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. “இல்லக்கா. அன்னைக்கு வண்டி எழுதி வச்சிருந்தத நான்தான் படிக்காம அழிச்சுட்டேன்.”

திட்டுவாள் என்று பார்த்தேன். கையை நீட்டினாள். “கொடு. எங்க செருகணும்?”

ஸ்டியரிங்குக்குக் கீழே, பெடல்களுக்கு மேலே, டார்ச் அடித்தால்தான் தெரியும் இடம். குனிந்து விரலால் தடவினாள். “எட்டெட்டு ஓட்டையா ரெண்டு வரிசை. ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல். ஒரே மாதிரிதான் போகும், இல்ல?” திணிக்காமல், பொருந்திய பிறகே அமுக்கினாள். வயர் பெடலில் சிக்காதபடி ஒதுக்கினாள். இன்ஜினைக் கிளப்பாமல், விளக்குகள் எரியும் அளவுக்கு மட்டும் சாவியைத் திருப்பினாள். திரையில் எழுத்து ஓடியது.

பழக்க தோஷம், என் விரல் ‘அழி’ பக்கம் போனது. தட்டிவிட்டாள். “முதல்ல எழுதுவோம்டா” என்று பேனாவை எடுத்தாள்.

இன்ஜின் சுற்றுவதைக் கண்காணிக்கும் சென்சாரின் சிக்னல் அறுந்ததாகத் திரை காட்டியது. அதற்குக் கீழே, அறுந்த நொடியில் இன்ஜின் சூடு எவ்வளவு, வண்டி வேகம் எவ்வளவு என்று எல்லாம் இருந்தது. வேகம் நாற்பத்து மூன்று.

இத்தனை வருஷமும் அவள் காலடியில் இப்படி ஒன்று உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டு இருந்திருக்கிறது. அக்கா பேனாவை வைத்துவிட்டுத் திரையையே பார்த்தாள்.

“எக்ஸ்சேஞ்சுல லைன் கட்டானா, கடைசியா என்ன பேசினாங்கன்னு யாராலயும் சொல்ல முடியாதுடா. இது சொல்லுது.” பிறகு எழுதியதில் விரலை வைத்துக் கேட்டாள். “நாப்பத்து மூணுல போறப்ப கிளட்ச்ல கால் பட்டா வண்டி அணையுமா?”

“அணையாதுக்கா.”

சாவியை அணைத்து ஸ்கேனரை உருவினாள். பதிவு வண்டிக்குள் அப்படியே இருந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டு, எழுதியதை வாசித்துக் காட்டி, வண்டியை இழுத்துப் போக வரச் சொன்னாள். அடுத்து ஆசிரியரைக் கூப்பிட்டாள்.

“வண்டி ரெடியானதும் நானே வரேன் சார்” என்றாள். அவர் என்ன கேட்டாரோ, கண்ணைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னாள். “இல்ல சார். காலுக்கு ஒண்ணும் இல்ல.”