சனிக்கிழமை வகுப்பும் சீட்டுக் குலுக்கலும்

1. திங்கட்கிழமைக் கேள்வி

"என்ன ஓய், சனிக்கிழமை உம்ம வகுப்பிலே ஒரு பையன் கைராட்டையைப் பத்தி ரொம்ப உருகிட்டானாமே?"

நான் புதுக்கோட்டை சமஸ்தானத்துக் காலேஜில் டியூட்டராக வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வாரம். பேனா நிப்பைத் துடைத்துக்கொண்டே பிரின்சிபால் இப்படிக் கேட்டார். அந்த வகுப்பில் இருந்தது பேசும் பையன்களும், நோட்டில் குறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நானும் மட்டும்தான். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டவனும் நானே. பிறகு இவருக்கு எப்படித் தெரிந்தது?

"ஏதோ பேசினான் சார், சின்னப் பையன்" என்று மழுப்பினேன்.

"பேசட்டும், பேசட்டும். வயசு அப்படி" என்று சொல்லிவிட்டு அவர் வேறு காகிதத்தை எடுத்துக்கொண்டார்.

யுத்த காலம் அது. சமஸ்தானத்தில் மூச்சு விடுவதற்கே யோசிக்கும் காலம் என்றும் சொல்லலாம். பக்கத்துப் பிரிட்டிஷ் ஜில்லாக்களில் மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறிக் கொடி பிடித்தார்கள். அந்தக் காற்று எல்லை தாண்டி இங்கே வந்துவிடக் கூடாது என்று மேலிடத்துக்குக் கவலை. இந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் பிரின்சிபால் ஜூனியர் இன்டர் மாணவர்களுக்கு ஒரு விவாத வகுப்பை ஏற்படுத்தி, அதற்கு 'செமினார்' என்று புதுப்பெயரும் வைத்து, புதிதாக வந்த என் தலையில் கட்டியிருந்தார். பையன்கள் அதை 'சனி கிளாஸ்' என்றார்கள். சனிக்கிழமை விடுமுறை போன கோபம் அவர்களுக்கு.

ஆவூரில் பிறந்தவன் நான். பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்தவன். எதையும் இரண்டு தடவை பார்த்த பிறகே நம்புகிற புத்தி எனக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. திங்கட்கிழமைதோறும் பிரின்சிபால் இப்படி ஒரு கேள்வியைப் போட ஆரம்பித்ததும் அந்தப் புத்திக்குத் தீனி கிடைத்துவிட்டது. "கப்பல் மூழ்கின பேச்சு வந்ததாமே?" என்பார் ஒரு வாரம். "அரிசி கிடைக்கலேன்னு யாரோ சத்தம் போட்டானாமே?" என்பார் இன்னொரு வாரம். கேட்பாரே தவிரத் திட்ட மாட்டார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. வகுப்பில் ஒற்றன் இருக்கிறான் என்று முடிவு கட்டினேன்.

2. கடைசி பெஞ்சு

ஒற்றனைக் கண்டுபிடிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. கடைசி பெஞ்சில் கதவோரமாக ராமலிங்கம் என்று ஒருவன் உட்காருவான். வாயே திறக்க மாட்டான். மற்றவர்கள் பேசப் பேச, குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருப்பான். அவனுடைய அப்பா யார் என்று விசாரித்தேன். டவுன் ஸ்டேஷன் ஹெட் கான்ஸ்டபிள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் அவனை நிறுத்தி, "என்னப்பா இவ்வளவு எழுதுற?" என்று கேட்டேன்.

"இங்கிலீஷ் வேகமாப் பேசுனா எனக்குப் புரியாதுங்க சார். எழுதிட்டுப் போய் வீட்டுல டிக்ஷனரி பாப்பேன்."

பதில் தயாராக வந்தது. தயாராக வந்ததாலேயே நான் நம்பவில்லை.

அவனுக்கு நேர் எதிர் காளிமுத்து. கட்டுமாவடிக் கடற்கரைப் பையன். அந்த ஊர் அப்போது தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்தது, அதாவது பிரிட்டிஷ் பூமி. அவர்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். ஹாஸ்டலில் தங்கிப் படித்தான். எழுந்து நின்றால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். பேச்சு இங்கிலீஷில்தான் இருக்க வேண்டும் என்பது வகுப்பு விதி. ஆனால் சூடு ஏறினால் எல்லோருக்கும் தமிழ் வந்துவிடும். அவனுக்கு இரண்டுமே தண்ணீர் பட்ட பாடு. கைராட்டையைப் பற்றி உருகியவனும் அவன்தான். அவனைப் பார்க்கும்போதெல்லாம், இவன் வாயே இவனுக்கு எமனாக வரப் போகிறது என்று எனக்குத் திக்கென்று இருக்கும்.

3. மேலிருந்து வந்த தலைப்பு

ஒரு வெள்ளிக்கிழமை பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு ஒரு தலைப்பைக் கொடுத்தார். 'மாணவர்கள் அரசியலில் ஈடுபடலாமா?'

"இந்தத் தலைப்பு எதுக்கு சார் இப்போ?"

"மேலேருந்து வந்திருக்கு ஓய். ஈடுபடலாம்னு பேசுறவா பேரை எழுதிக் கொடுக்கணுமாம்."

"கொடுத்தா?"

"டி.சி. கொடுத்துடுவா. அதிலே நடத்தையைப் பத்தி ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரி போதும், அப்புறம் எந்தக் காலேஜிலேயும் சேர்க்க மாட்டான். பிரிட்டிஷ் எல்லைப் பையனா இருந்தா இன்னும் சுலபம். பஸ்ஸிலே ஏத்தி அங்கிட்டு அனுப்பிட்டா வேலை முடிஞ்சுது."

இதை அவர் முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாமல் சொன்னார். காளிமுத்துவைப் பிடிக்கத்தான் இந்த வலை என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. வலையைப் போட்டது மேலிடமா, இவரேதானா என்பதில் மட்டும் சந்தேகம். 

மறுநாள் காலையில் ஒரு வழி தோன்றியது. வகுப்புக்குப் போனதும் காலி சாக்பீஸ் பெட்டி ஒன்றை எடுத்தேன். 'ஈடுபடலாம்' என்று பாதிச் சீட்டு, 'கூடாது' என்று பாதிச் சீட்டு எழுதிப் போட்டுக் குலுக்கினேன்.

"இன்னைக்கு யாரும் சொந்தக் கட்சி பேசக் கூடாது. எந்தச் சீட்டு வருதோ அந்தக் கட்சி. அதுதான் படிச்சவனுக்கு அழகு" என்று பெரிதாக ஒரு விளக்கமும் கொடுத்தேன். உள்ளே இருந்த காரணம் வேறு. யார் என்ன பேசினாலும், பேசியது சீட்டு என்று நான் சொல்லிக்கொள்ளலாம் அல்லவா?

கெட்ட நேரம், காளிமுத்துவுக்கு 'ஈடுபடலாம்' வந்தது. "வலை கிழிஞ்சு கெடக்கயில, நான் படிக்கிற பையன், எனக்கு வேலை இருக்குன்னு எங்க ஊர்ல ஒருத்தனும் எந்திரிச்சுப் போக மாட்டான். உக்காந்து முடிஞ்சு போட்டுட்டுத்தான் போவான். நாட்டுக்கும் அதுதான்" என்று ஆரம்பித்தான். வகுப்பு கை தட்டியது. நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ராமலிங்கத்துக்கு வந்தது 'கூடாது'. எழுதி வைத்த நாலு இங்கிலீஷ் வரியைப் பள்ளிக்கூடப் பையன் பாடம் ஒப்பிப்பதுபோல் ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தான்.

திங்கட்கிழமை பிரின்சிபாலிடம், "பேரு எழுத முடியாது சார், எல்லாம் சீட்டுக் குலுக்கி எடுத்த கட்சி" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியா? மேலே இதை லேசிலே நம்ப மாட்டா. வர்ற சனிக்கிழமை கட்சியை மாத்திப் பேசச் சொல்லும். நானும் வரேன். இன்னொருத்தரும் வருவார்."

4. கட்சி மாற்றம்

அந்த இன்னொருத்தர் 'கல்வி விஷயமாக மேலிடத்திலிருந்து வந்தவர்' என்று அறிமுகம் செய்யப்பட்டார். வேட்டியும் அங்கவஸ்திரமும் போட்டிருந்தார். ஆனால் தலையில் ஒட்ட வெட்டிய கிராப்பு. நிற்கும்போது இரண்டு குதிகாலும் தானாக ஒட்டிக்கொண்டன. மஃப்டியில் வந்த போலீஸ் என்று வகுப்புக்கே தெரிந்துவிட்டது.

கணக்குச் சுலபமானது. போன வாரம் ஆஹா என்று பேசியவன் இந்த வாரம் தடுமாறினால், போன வாரம் பேசியதுதான் அவன் சொந்தக் கட்சி என்று அர்த்தம். காளிமுத்து எழுந்தான்.

அவன் தடுமாறவே இல்லை. "காத்து தெரியாம, நீவாடு தெரியாம தோணிய எறக்குனவன் கரை சேந்ததா நான் கேள்விப்படல. கடலப் படிச்ச பெறகு எறங்கட்டும். படிக்கிற காலம் படிக்கத்தான்" என்றான். நீவாடு என்பது கடல் நீரோட்டம். போன வாரம் பேசியவன் இவன்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மஃப்டி ஒன்றும் எழுதவில்லை. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன்.

அடுத்து ராமலிங்கம். எழுதி வைத்த காகிதத்தோடுதான் எழுந்தான். முதல் வரியை இங்கிலீஷில் படித்தான். இரண்டாவது வரி பாதியில் காகிதம் மடங்கியது.

"கூடாது கூடாதுன்னு சொல்றவங்க எங்கள எதுக்குப் படிக்கச் சொல்றாங்க? படிச்சா கண்ணு தெறக்கும்னு சொன்னாங்க. தெறந்த கண்ண மூடிக்கிட்டு பரீட்ச மட்டும் எழுதுங்கிறாங்க. எப்புடிங்க முடியும்?"

 இத்தனை மாதமாக வாயைத் திறக்காதவன் பேசினான், பேசினான், நிறுத்த முடியாமல் பேசினான். வகுப்பில் ஒருவரும் கை தட்டவில்லை.  மஃப்டியின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. நான் காளிமுத்துவுக்காகக் கட்டிய வேலிக்குள் இவன் வந்து மாட்டிக்கொண்டான். இவனுக்கு டி.சி. கிடைப்பதோடு நிற்காது. ஹெட் கான்ஸ்டபிள் வேலையும் போகும். இவனையா ஒற்றன் என்று நினைத்தேன்!

5. உள் அறை

பையன்களை வகுப்பிலேயே இருக்கச் சொல்லிவிட்டு மூவரும் வெளியே வந்தோம். பிரின்சிபாலின் முன் அறையில் நின்று பேசுவதுதான் வழக்கம். அதற்கு உள்ளே அவர் டிபன் சாப்பிடும் சின்ன அறை ஒன்று இருந்தது. மஃப்டிக்காரர் யாரையும் கேட்காமல் விறுவிறுவென்று அதற்குள் போய் உட்கார்ந்துவிட்டார்.

"இங்கேயே உட்காரலாமே, காத்து வரும்" என்றார் பிரின்சிபால். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இந்த அறையில் எதை மறைக்கிறார் என்று நான் யோசித்தேன்.

உட்கார்ந்ததும் தெரிந்துவிட்டது. சுவரின் உச்சியில் வட்டமாக ஒரு வென்டிலேட்டர். அதற்கு அந்தப் பக்கம் எங்கள் வகுப்பு. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் காளிமுத்துவின் குரல் கேட்டது.

"ஏய் ராமலிங்கம், நெசமாவே அப்புடித்தான் நெனைக்கிறியா? இல்ல, சீட்டுக்குப் பேசுனியா?"

"சீட்டாவது ஒண்ணாவது! எங்கப்பா லத்திய எடுத்துக்கிட்டுக் கெளம்புறப்பல்லாம் யார அடிக்கப் போறாரோன்னு இருக்குதுப்பா. ஒரு நாளைக்கு நானும் கூட்டத்துல போயி நிக்கப் போறேன். அப்ப என்னையும் அடிக்கிறாரான்னு பாக்கணும்."

மஃப்டிக்காரர் மெல்லத் தலையைத் தூக்கினார். "யாரு அது பேசுறது?"

பிரின்சிபால் டம்ளரை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "அடுத்த வாரத்துக்கு இப்பவே சீட்டு எடுத்துட்டான்கள் போலிருக்கு. ஒத்திகை பார்க்கிறான்கள்." பிறகு வென்டிலேட்டரைப் பார்த்துக் கணீரென்று குரல் கொடுத்தார். "ரிகர்சல் போதும்டா! எல்லாரும் ஆத்துக்குப் போங்கோ!"

அந்தப் பக்கம் பெஞ்சுகள் கடகடவென்று நகர்ந்தன.

மஃப்டிக்காரர் என் பக்கம் திரும்பினார். "அப்படிங்களா வாத்தியாரே? ஒத்திகைதானா?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாத நாக்கு அன்றைக்கு எனக்குக் கைகொடுத்தது. "ஆமாங்க. எல்லாம் சீட்டுல வந்த கட்சிதாங்க."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவை மூடினார். "சீட்டுக்கே இப்படிப் பேசுறவன் நல்ல வக்கீலா வருவான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். நம்பினாரா, வீட்டில் அவருக்கும் ஒரு பையன் இருந்தானா, இன்று வரை எனக்கு விளங்கவில்லை. டி.சி. மட்டும் யாருக்கும் வரவில்லை. அந்த இரண்டு பையன்களும் முழுதாகப் படித்து முடித்தார்கள்.

அவர் தலை மறைந்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்போ இத்தனை நாளும் நீங்கதான் கேட்டுக்கிட்டு இருந்தீங்களா சார்?"

"டிபன் சாப்பிட வந்தா காதிலே விழறது. காதைக் கழட்டியா வைக்க முடியும்?"

"திங்கட்கிழமையெல்லாம் என்னை மெரட்டினீங்களே!"

"மிரட்டினேனா? வெளியிலே கேக்கறது, அடக்கி வாசியும்னு ஜாடை காட்டினேன் ஓய்."

"நேரா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்?"

"எப்படிச் சொல்றது? என்னை ஒரு வார்த்தை கேக்காம மேலேருந்து உம்மைக் கொண்டுவந்து போட்டா. நீரும் கதவைச் சாத்திண்டு, பையன்களைப் பேச விட்டு, வாயே திறக்காம உட்கார்ந்து குறிச்சுக்கிறீர். நீர் யாரோட ஆள்னு எனக்கு எப்படித் தெரியும்?"

 நான் குறித்துக்கொண்டது பையன்களுக்குப் போடும் மார்க்கு. அது எனக்குத்தானே தெரியும்? பிரின்சிபாலுக்கே இப்படித் தோன்றியிருந்தால், அந்தப் பையன்கள் என்னைப் பற்றி என்னவெல்லாம் நினைத்திருப்பார்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

புதிதாக வாத்தியார் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சந்தேகப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். நான் இன்னும் சந்தேகப்படுகிறவன்தான். ஆனால் பிள்ளைகளைப் பேச வைத்துவிட்டு நீங்கள் மட்டும் பத்திரமாக உட்கார்ந்திருக்காதீர்கள்.

அடுத்த சனிக்கிழமை 'பரீட்சை வேண்டுமா?' என்று தலைப்புக் கொடுத்தேன். பெட்டியில் ஒரு சீட்டு கூடுதலாகப் போட்டேன். கடைசியாக மிஞ்சியதை நானே எடுத்துக்கொண்டேன். வந்தது 'வேண்டாம்' கட்சி. வென்டிலேட்டருக்கு எட்டாத குரலில், உளறிக்கொட்டிப் பேசினேன். முதலில் கை தட்டியவன் ராமலிங்கம்.