தவறணையில் கை நனைத்த கதை

போன சனிக்கிழமை காலை. நான் இன்னும் முகம் கழுவவில்லை. ரெலிபோன் அடித்தது. டோர்செட் பார்க்கிலிருந்து அக்கா.

“எடியே, சம்பந்தியைத் தவறணையிலையோ சந்திக்கிறது?”

சுகம் விசாரிப்பு இல்லை, ஒன்றும் இல்லை... நேரே தவறணை!

இந்தப் பக்கத்தை வாசிக்கும் இளசுகளுக்குத் தவறணை என்றால் என்னவென்று தெரியாமல் இருக்கலாம். ஊரில் கள்ளு விற்கும் இடம். ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டு போய், நிமிர்த்திக்கொண்டு வருவார்கள். பெண்கள் அந்த ஒழுங்கையால் நடக்கவும் மாட்டார்கள்.

விசயம் இதுதான். அக்காவின் மகள் வாணி தன்னோடு வேலை செய்யும் ஒரு வெள்ளைக்காரப் பொடியனை விரும்புகிறாள். பெயர் மார்க். அக்கா அழுது முடித்து, ஒரு மாதிரி இறங்கி வந்துவிட்டார். அத்தான்தான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மார்க்கின் தாய் தகப்பன் இருப்பது நகரத்துக்கு வெளியே, ஸ்ரௌவ்வில் என்ற சின்ன ஊரில். ஞாயிறு மத்தியானம் தங்கள் ஊர்ப் பப்பில் சாப்பிட வரும்படி எல்லோரையும் கூப்பிட்டிருந்தார்கள்.

“ஏன், அவைக்கு வீட்டிலை அடுப்பில்லையோ?” என்றார் அக்கா.

வாணி ரிசீவரைப் பறித்தாள். “சித்தி, ப்ளீஸ், நீங்களும் வாங்கோ. அப்பா வாறாராம், ஆனால் கை நனைக்க மாட்டாராம். ஐ ஆம் ஸோ ஸ்கேர்ட்.”

எனக்கும் பகீர் என்றது. நம் ஆட்களுக்கு இது சின்ன விசயமா? சம்பந்தம் முற்றாகும்வரை அந்தப் பக்கத்தாரோடு கை நனைப்பதில்லை. போகலாம், இருக்கலாம், சிரிக்கலாம். சாப்பாட்டில் கை வைத்தால் மட்டும் சம்மதம் என்று அர்த்தம். அத்தான் சாப்பிட்டால் கலியாணம். சாப்பிடாவிட்டால்... வாணி இரவெல்லாம் நித்திரை கொள்ளவில்லையாம்.

ஞாயிறு மத்தியானம் வாணி கார் ஓடினாள். அத்தான் முன் சீற்றில் கோட்டும் ரையுமாக, கோயில் தர்மகர்த்தா மாதிரி. நான் பின்னால் ரோட் மாப்பை விரித்து வைத்திருந்தேன். நம்மவர்கள் யாரும் வீடு வாங்கியிராத ஊர் ஆயிற்றே! மார்க்கம் நகரைத் தாண்டியபின் சோளத் தோட்டங்கள்தான்.

பப் வாசலில் கொழுத்த வாத்து ஒன்றின் படம் தொங்கியது. உள்ளே தாழ்ந்த கூரை. கூரையில் பித்தளைக் கேத்தல்கள். ஒரு பக்கம் சிகரெட் புகை, மறுபக்கம் விறகு நெருப்பு. ஒரு மேசையில் இரண்டு கிழவிகள் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் தள்ளுவண்டிலில் ஒரு குழந்தை நித்திரை.

“உதென்ன, கைக்குழந்தையெல்லாம் கிடக்குது!” அக்கா என் காதுக்குள் சொன்னார். தவறணை பற்றிய அவருடைய அறிவுக்கு முதல் அடி விழுந்தது.

இரண்டாவது அடி பப் நடத்தும் பெண்மணியிடமிருந்து. இங்கிலாந்திலிருந்து வந்தவளாம். நல்ல தண்டி, நல்ல சிரிப்பு. அத்தானின் கோட்டை வாங்கிக்கொண்டே, “உனக்கு என்ன வேணும், லவ்?” என்று கேட்டாள்.

“அவள் என்னத்துக்கடி இவரை லவ் எண்டுறாள்?”

“எல்லாரையும் அப்பிடித்தான் கூப்பிடுவா அக்கா.”

அடுத்த நிமிசம் அவள் அக்காவையும் ‘லவ்’ என்றாள். அதற்குப் பிறகுதான் அக்காவின் முகம் இளகியது.

மார்க்கின் தகப்பன் ஜோர்ஜ் எழுந்து நின்று வரவேற்றார். ஆறடி ஆள். பக்கத்தில் மனைவி மார்கரெட். நான் கவனித்தது ஒன்று... அந்தப் பப்பில் ரை கட்டியிருந்தது இரண்டே பேர். ஒன்று அத்தான், மற்றது ஜோர்ஜ். “அப்பா கடைசியாக ரை கட்டியது ஒரு செத்தவீட்டுக்கு” என்று மார்க் என்னிடம் மெதுவாகச் சொன்னான். எனக்கு அந்த மனுசனை அப்போதே பிடித்துவிட்டது.

என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஜோர்ஜ் கேட்டார். அத்தான் தொண்டையைச் செருமினார்.

“சொறி. ருடே ஐ ஆம் பாஸ்ரிங்.”

விரதமாம்! ஞாயிற்றுக்கிழமையில் என்ன விரதம்? காலையில் புட்டும் முட்டைப் பொரியலும் பரிமாறிய அக்கா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தனக்குத் தேநீர் மட்டும் போதும் என்றார். வாணியும் அதையே சொன்னாள். நான்? சித்திமாருக்குக் கை நனைக்கும் சட்டம் இல்லை. வெட்கப்படாமல் மீனும் சிப்ஸும் சொன்னேன்.

சாப்பாடு வந்தது. சுடச்சுட மீன், மொறுமொறு என்று. சிப்ஸ் மலை. ஜோர்ஜின் முன்னால் நுரை பொங்கும் பியர். நான் முள்ளுக்கரண்டியில் ஒரு துண்டைக் குத்தி வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டேன்...

ஜோர்ஜ் தன் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

“விருந்தாளி விரதம் இருக்கும்போது நான் எப்படிச் சாப்பிடுவது?” என்றார். மார்கரெட் கரண்டியைக் கீழே வைத்தார். மார்க் வைத்தான். நான்? வேறு வழி? என் மீனும் கீழே இறங்கியது.

“விரதம் எத்தனை மணிக்கு முடியும்?”

அத்தான் இதை எதிர்பார்க்கவில்லை. “சூரியன்... மறைந்தபிறகு” என்று இங்கிலீஷில் தடுமாறினார்.

“அவ்வளவுதானே? நெருப்பு இருக்கிறது, கதை இருக்கிறது. காத்திருப்போம்.” ஜோர்ஜ் கையைத் தூக்கி பப்காரியைக் கூப்பிட்டு, எல்லாக் கோப்பைகளையும் அவணில் சூடாக வைக்கச் சொன்னார். என் மீனும் போனது!

யோசித்துப் பாருங்கள். நாங்கள் சம்மதிக்கும்வரை சாப்பிடமாட்டோம். அவர் விருந்தாளி சாப்பிடும்வரை சாப்பிடமாட்டார். இரண்டும் மரியாதைதான். ஆனால் இரண்டு மரியாதையும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் ஊரே பட்டினி!

பியரின் நுரை மெல்ல அடங்கியது. ஜோர்ஜ் அதையும் தொடவில்லை. குளிர் பற்றிக் கதைத்தோம். தக்காளிச் செடி பற்றிக் கதைத்தோம். இடையில் ஒரு சத்தம். ஜோர்ஜின் வயிறு! பாவம், மனுசன் இருமி மறைக்கப் பார்த்தார்.

அத்தான் என் பக்கம் சரிந்தார். “பிள்ளை, உந்த மனுசனுக்குப் பசிக்குதடி.”

“உங்களுக்கும்தானே பசிக்குது, அத்தான்.”

“அது வேறை.”

பிறகு அவர் வாணியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்தபடி பேப்பர் நப்கினைக் கிழித்துக்கொண்டிருந்தாள். தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் சின்னச் சின்னத் துண்டுகளாக ஒரு குவியல். ‘அப்பா, சாப்பிடுங்கோ’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை அந்தப் பிள்ளை.

அத்தான் ரையைக் கொஞ்சம் தளர்த்தினார்.

“மிஸ்ரர் ஜோர்ஜ், பாஸ்ரிங் பினிஷ்ட்.”

ஜோர்ஜ் யன்னலைப் பார்த்தார். வெளியே சூரியன் பளீரென்று நின்றது. “நிச்சயமாகவா?”

“கோட் ஸெட் ஓகே” என்றார் அத்தான். கடவுளே ஓம் சொல்லிவிட்டாராம்!

கோப்பைகள் திரும்பி வந்தன. ஜோர்ஜ் தன்னுடையதை மேசை நடுவில் வைத்து, சிப்ஸின் மேல் புளிக்கும் வினாகிரியைத் தாராளமாகத் தெளித்து, அத்தானின் பக்கம் நகர்த்தினார். பப்காரி முள்ளுக்கரண்டி கொண்டுவந்து வைத்தாள். அத்தான் அதை ஒதுக்கிவிட்டு வலது கையை நீட்டினார். ஊறிப்போயிருந்த சிப்ஸ் ஒன்றை எடுத்தார். வினாகிரி விரலில் வழிந்தது.

வாணியின் கை நின்றது. அக்கா சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றினார். ஜோர்ஜுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மீன் கிடைத்த சந்தோசம்தான் அவருக்கு! மார்கரெட் மட்டும் என்ன நினைத்தாரோ, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வினாகிரி கொஞ்சம் கூடிப்போச்சு” என்றார் அத்தான். என்றாலும் அடுத்ததை எடுத்தார். பிறகு ஜோர்ஜ் நீட்டிய பியரிலும் ஒரு மிடறு... அந்த நேரம் பார்த்து அக்கா கூரையில் தொங்கிய பித்தளைக் கேத்தல்களை ரசித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது காருக்குள் ஒரே வினாகிரி வாசம். அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

“என்னப்பா, நீங்கள் கையைக் கழுவேல்லையோ?”

அத்தான் வெளியே பார்த்தபடி சொன்னார். “வீட்டை போய்க் கழுவுவம். நனைச்ச கையைப் பிள்ளை பாக்கட்டும்.”

வாணி காரை ஓரமாக நிறுத்தினாள். அழுது முடித்தபிறகுதான் திரும்பக் கார் ஓடினாள்.

இந்தக் கிழமை முழுக்க அக்கா சொந்தக்காரருக்கெல்லாம் ரெலிபோன் எடுத்து, “அவர் கை நனைச்சிட்டார், நல்லதொரு ரெஸ்ரோரன்டிலை” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அக்காவை எங்கேயாவது கண்டால் நீங்களும் ரெஸ்ரோரன்ட் என்றே சொல்லுங்கள்... தவறணை நமக்குள் இருக்கட்டும்!