காணேல்லை என்று சொன்ன அன்னபாக்கியம்

வவுனியா நீதவான் கோட்டில், ஊர்ச்சனம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க, என்னைத் தண்ணீர்க் கள்ளன், வாய்க்காரன், ஒரு வேலைக்கும் உதவாதவன் என்று சொன்னவள் அன்னபாக்கியம். முதல் இரண்டையும் விட்டுவிடலாம். மூன்றாவதை ஒன்பது வருஷமாகியும் என்னால் செரிக்க முடியவில்லை. அதே வாயால்தான் நான் மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணாமல் தப்பினேன் என்பதும் உண்மை. அதற்காக மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

துணுக்காய்க்குக் கிட்ட எங்கள் ஊர். புருஷன் பாம்பு கடித்துச் செத்த பிறகு வயலையும் எருமைப் பட்டியையும் தனி ஆளாக ஆண்டவள் அவள். அவளுடைய வயலுக்கும் என்னுடைய வயலுக்கும் ஒரே வாய்க்கால். அதனால் எங்களுக்குள் சண்டை இல்லாத போகம் இல்லை. ஒரு முறை என் எருமை அவளுடைய பயிருக்குள் இறங்கிவிட்டது. பிடித்துக் கட்டிவைத்தாள். நான் அவிழ்க்கப் போனபோது சொன்னாள்:

“கொண்டு போ இளையதம்பி. எருமை பாவம், அதுக்கு அறிவு கிடக்கு. வளக்கிறவனுக்குத்தான் இல்லை.”

என்னைவிடப் பத்து வயது மூத்தவள் என்பதால் கையை நீட்டாமல் வந்தேன்.

அறுபதாம் ஆண்டுப் பங்குனித் தேர்தலில் ஊர் இரண்டாகக் கிழிந்தது. கட்சிகளின் பெயர் இங்கே எதற்கு? அவள் ஒரு பக்கம், நான் மறு பக்கம், அது போதும். அவர்கள் ஆள் வென்றார். தேநீர்க் கடையில் அவர்கள் வெடி கொளுத்தியபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “உந்தக் கூட்டத்துக்கு நெருப்பு வைச்சாத்தான் திருந்தும்” என்று சத்தம்போட்டுச் சொன்னேன். கடை முழுக்கக் கேட்டது.

அந்தக் கிழமையே அவளுடைய சூடு எரிந்தது. வெட்டிய நெல்லைக் கதிரோடு களத்தில் கோபுரம்போலக் குவித்து வைப்பதைத்தான் நாங்கள் சூடு என்போம். ஒரு வீட்டின் வருஷச் சாப்பாடு அது. விளக்கு வைக்கிற நேரத்தில் பற்றியது, ஊர் ஓடி வருவதற்குள் சாம்பல். யார் வைத்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் வைக்கவில்லை. அந்த நேரம் நான் வீட்டில் இருந்தேன். அதற்குச் சாட்சி என் மனுசி இரஞ்சிதம் மட்டுந்தான். பெண்சாதி சொல்லுக்குக் கோட்டில் என்ன மதிப்பு?

வென்ற பக்கத்துக்கு ஏசண்டாக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நின்றவர் பரமலிங்கம். வெள்ளை வேட்டி, வாடகை ஜீப். வயல் வரம்பில் நடக்கத் தெரியாத மனிதர். பொலிசை அவர்தான் கூட்டி வந்தார். அன்னபாக்கியம் களத்தில் நின்றாள், இளையதம்பி பந்தத்தோடு சூட்டுக்குக் கிட்டப் போனதைக் கண்டாள் என்று வாக்குமூலம் ஒன்றை எழுதுவித்தார். என்னைக் கையில் விலங்கு போட்டுக் கொண்டுபோனார்கள். குற்றம் நிரூபிக்கப்பட்டால் வருஷக் கணக்கில் மறியல் என்று எனக்காக வாதாட வந்த பிரக்கிராசி சொன்னார். எனக்குச் சின்னதாக மூன்று பிள்ளைகள்.

இரஞ்சிதம் அவளிடம் அழுதுகொண்டு போனாள். படலையைத் திறக்கவே விடவில்லையாம்.

“கோட்டிலை கேக்கிறதுக்குக் கோட்டிலை மறுமொழி சொல்லுவன். இஞ்சை நிண்டு மூக்குச் சிந்தாதை. போய்ப் பிள்ளையளுக்குச் சோறு காச்சு.”

பரமலிங்கமும் போயிருக்கிறார். எழுதினபடி சொன்னால் அவளுடைய மகனுக்கு அரசாங்கத்தில் உத்தியோகம் எடுத்துத் தருவதாகச் சொன்னாராம். எங்கள் பக்கத்து ஆட்களும் சும்மா இருக்கவில்லை. எனக்குத் தெரியாமல் ஒரு பட்டுச்சீலையோடு போனார்கள். திரும்பி வரும்போது ஒருவனுடைய வேட்டியில் பாதி இல்லை.

வழக்கு நாள் வந்தது. நான் எதிரிக் கூண்டில் நின்றேன்; குற்றம் சாட்டப்பட்டவனுக்குக் கோட்டில் எதிரி என்று பெயர். அவள் சாட்சிக் கூண்டில் ஏறினாள். மூக்குத்தியும் இல்லை, பொட்டும் இல்லை, முகத்தில் ஒரு இரக்கமும் இல்லை. பொலிஸ் அதிகாரி கேட்டதை கோட்டு மொழிபெயர்ப்பாளரான முதலியார் தமிழில் சொன்னார்.

“நீர் களத்தில் நிற்கும்போது எதிரியைக் கண்டீர்தானே?”

“களத்திலை ஆர் நிண்டது?”

“நீர்.”

“ஐயா, உங்கடை ஊரிலை எப்பிடியோ தெரியாது. எங்கடை ஊரிலை சூடு கிடக்கிற களத்துக்கை பொம்பிளையள் கால் வைக்கிறேல்லை. என்ரை மனுசன் இருக்கேக்கையும் நான் வைக்கேல்லை, செத்தாப் பிறகும் வைக்கேல்லை. என்ரை தம்பிதான் களம் பாக்கிறவன். நான் குசினியிலை சமைச்சுக்கொண்டு நிண்டனான். தம்பி குளறின பிறகுதான் வெளியிலை வந்து நெருப்பையே கண்டனான்.”

பின்னால் இருந்த எங்கள் ஊரார் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கிட்ட நின்று கண்டவள் என்றால் சாட்சி பலமாக இருக்கும் என்பது பரமலிங்கத்தின் எண்ணம். களத்து வழக்கம் அந்த மனிதருக்கு எங்கே தெரியும்? எழுதும்போது ஊராரில் ஒருவரையாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

“இதில் இருப்பது உமது கையெழுத்துத்தானே?”

“ஓம். சூடு எரிஞ்சதெண்டு எழுதியிருக்கு, போடுங்கோ எண்டார் பரமலிங்கம் தம்பி. எரிஞ்சது உண்மைதானே, போட்டன். அவர் சொல்லச் சொல்ல இந்தப் பொலிஸ் ஐயா எழுதினவர். என்னை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை.”

“அப்படியானால் எதிரி நெருப்பு வைக்கவில்லை என்கிறீரா?”

“அதை நான் எப்பிடிச் சொல்லுறது? வைச்சிருப்பான். வைக்கக்கூடியவன்தான். உவன் தண்ணிக் கள்ளன், வாய்க்காரன், ஒரு வேலைக்கும் உதவாதவன். ஆனா நான் காணேல்லை.”

கோடு சிரித்தது. என் பிரக்கிராசி சந்தோஷத்தில் எழும்பி, “அம்மா, எதிரி மேல் உங்களுக்குக் கோபம் ஒன்றும்...” என்று தொடங்கினார்.

“நீர் இரும். கோபம் கிடக்கு, நல்லாக் கிடக்கு.”

நீதவான் பேனையை வைத்துவிட்டு, யாராவது பயமுறுத்தினார்களா, ஏதாவது தந்தார்களா என்று கேட்டார்.

“ரெண்டு பக்கமும் வந்தவை, ஐயா. ஒரு பக்கம் மகனுக்கு உத்தியோகம் எண்டினம். மற்றப் பக்கம் சீலை கொண்டு வந்தினம். நல்ல சீலைதான். நாயை அவிட்டு விட்டனான்.”

வேறு சாட்சி இல்லை. நீதவான் என்னை விடுதலை செய்தார்.

வெளியே எங்கள் ஆட்கள் மாலையோடு நின்றார்கள். நான் அதை வாங்காமல் பஸ் நிலையத்தில் நின்றவளிடம் போனேன்.

“என்னணை, ஒரு வார்த்தை சொல்ல வந்தனான்.”

“எட்டப் போ. சனம் பாக்குது.”

அதன் பிறகு அவளுடைய பக்கத்துக்காரரே அவளை ஒதுக்கினார்கள். மகனுக்கு உத்தியோகமும் இல்லை, ஊரில் வேலையும் இல்லை. அவன் கந்தளாய்க்குப் போய்விட்டான். அடுத்த மாரிப் போகத்தில் சூடு மிதிக்க, எருமை விட்டு நெல்லுப் பிரிக்க, அவளுக்கு ஒருவரும் போகவில்லை, கூலிக்குக் கூடப் போகவில்லை; அது தம்பி ஒருவனால் முடிகிற வேலை இல்லை. மழை வரப்போகிறது என்று தெரிந்து நான் என் எருமைகளைச் சாய்த்துக்கொண்டு போனேன். வேலியில் பொல்லோடு நின்றாள்.

“உன்ரை எருமை மிதிச்ச நெல்லு என்ரை அடுப்பிலை ஏறாது. திருப்பு.”

“மழை வருகுதணை, நெல்லு முளைக்கப் போகுது!”

“முளைச்சா முளைக்கட்டும். உனக்கென்ன?”

முளைத்தது. அடுத்த வருஷம் வயலில் பாதியை விற்றாள், பிறகு எருமைப் பட்டியையும் விற்றாள். விசரி என்று வாய்க்கால் கரையில் நின்று திட்டினேன். அவளும் திருப்பித் திட்டினாள். ஒரு தேர்தலிலும் எங்கள் பக்கத்துக்கு அவள் வோட்டுப் போடவில்லை. கேட்கப் போனவர்களிடம், “உங்கடை மூஞ்சியளுக்கோ?” என்றாளாம்.

சென்ற ஐப்பசியில் அவளுடைய தம்பி யோகநாதன் என் வீட்டுக்கு வந்தான். “அக்கா உங்களைக் கூட்டிக்கொண்டு வரட்டாம். இனி எழும்பமாட்டா” என்றான். போனேன். கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். நான் உட்காரக் கதிரையை இழுத்தேன்.

“இருக்கச் சொல்லேல்லை.”

“அப்ப ஏனணை கூப்பிட்டனீங்கள்?”

“நான் செத்தா, நீ வரக்கூடாது.”

எனக்கு ரத்தம் கொதித்தது. “ஒன்பது வருஷமா உதுதான் கதை. களத்துக்கு வராதை, படலைக்கு வராதை. ஊர் முழுக்கச் செத்தவீட்டுக்கு வரும், நான் மட்டும் என்ன நாயோ?”

“ஊர் வரட்டும். நீ வந்து பாடையிலை தோள் குடுத்தா, பரமலிங்கம் அதிலை நிண்டு என்ன சொல்லுவான்? ‘பாத்தியளோ, அண்டைக்கே ரெண்டும் ஒண்டு’ எண்டு சொல்லுவான். சனம் தலையாட்டும். இவ்வளவு நாளும் சொன்னா நான் மறுமொழி குடுத்தன். இனிக் குடுக்கேலாது.” மூச்சு வாங்கினாள். “நான் காணேல்லை எண்டது காணாதபடியாலை. உனக்காகச் சொல்லேல்லை. ஒரு மிளகாய்ப்பழம் கூட உன்னட்டை வாங்கேல்லை. அது அப்பிடியே கிடக்கட்டும்.”

நான் கதிரையைப் பழைய இடத்தில் தள்ளி வைத்தேன்.

“இரணைமடுவிலை உன்ரை மச்சான் இருக்கிறானல்லோ? நான் போயிட்டன் எண்டு கேள்விப்பட்ட உடனை பஸ் ஏறு. எட்டாம் நாள் எட்டுச் செலவு முடியுமட்டும் இந்த ஊருக்கை கால் வைக்காதை.”