கட்டுமாவடிக்கு ஒரு வாய் தண்ணீர் பார்க்கப் போனது

இந்த வலைப்பக்கத்தில் வழக்கமாக எழுதுவது என் மருமகள். பஸ்ஸிலேயே போய்வரக்கூடிய ஊர்களைப் பற்றி எழுதுவாள். கட்டுமாவடிக்கு எப்படிப் போவது என்று நாலைந்து பேர் கேட்டிருந்தார்களாம். போய் வந்தவன் நான் என்பதால் நானே சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவள் தட்டுகிறாள். படிக்கிற தமிழாக மாற்றிப் போடச் சொன்னேன். ஆட்கள் பேசினதை மட்டும் அவர்கள் பேசினபடியே விடச் சொல்லியிருக்கிறேன்.

வைகாசி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை புறப்பட்டேன். சுற்றிப் பார்க்க அல்ல. கட்டுமாவடிக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்ட என் மகள் மீனாள் முதல் நாள் போன் செய்திருந்தாள். வெள்ளிக்கிழமை புது வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டப் போகிறார்கள். பழைய ஓட்டு வீட்டுக்குப் பக்கத்திலேயே, அதே மனையில். "கெணத்துத் தண்ணி கரிக்குதுப்பா. அவரு கேக்க மாட்டேங்கிறாரு. நீங்க வந்து ஒரு வாய் வச்சுப் பாத்துச் சொல்லுங்க, அதுக்கப்புறம் தோண்டட்டும்" என்றாள்.

நான் ஐம்பது வருஷம் கிணறு வெட்டினவன். வெட்டின கிணறு ஒவ்வொன்றும் எந்த ஊர், யார் தோட்டம், எத்தனை ஆள் ஆழத்தில் ஊற்று வந்தது, தண்ணீர் என்ன ருசி என்று இன்றைக்கும் சொல்வேன். அதனால்தான் கூப்பிட்டாள்.

எங்கள் ஊர் திருவரங்குளத்தில் காலை 9.10க்கு பஸ். ஆலங்குடிக்கு 25 நிமிஷம், டிக்கெட் 15 ரூபாய். அங்கிருந்து அறந்தாங்கிக்கு 50 நிமிஷம், 25 ரூபாய். என்னைப் போல போர்டு படிக்கத் தெரியாதவர்கள் ஒருவரை மட்டும் கேட்டு ஏறாதீர்கள், இரண்டு பேரைக் கேளுங்கள். ஒரே பதில் வந்தால் ஏறுங்கள். அறந்தாங்கியில் கட்டுமாவடி வண்டி 11.15க்கு எடுத்தார்கள். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், 28 ரூபாய். இடது பக்கச் சீட்டில் உட்காராதீர்கள். அந்த நேரத்தில் வெயில் தொடையில்தான் விழும்.

வண்டிக்குள் தகரம் கொதித்தது. கம்பியைத் துண்டு போட்டுத்தான் பிடிக்க முடிந்தது. யாரோ "இதென்ன வெயிலு" என்றார்கள், அதில் ஆரம்பித்தது பேச்சு. வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர், உரக்கடை வைத்திருப்பவராம், போனில் ஒரு வீடியோவைக் காட்டி, பூமி சூடாகிறது என்பதெல்லாம் கட்டுக்கதை, முப்பது வருஷத்துக்கு ஒருமுறை இப்படி வந்து போகும் என்று அடித்துச் சொன்னார். மணமேல்குடி ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு பெண், கரி எரிக்கிறதும் வண்டிப் புகையும்தான் காரணம் என்று சொன்னாள். பால் காய்ந்தால் பொங்குகிற மாதிரி சூட்டில் கடல் தண்ணீரும் மேலே வருமாம், அவள் பிள்ளையின் பாடத்தில் இருக்கிறதாம்.

"கடலு என்ன ஒங்க வீட்டுப் பால்சட்டியாம்மா?" என்றார் வேட்டிக்காரர். வண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன்.

கண்டக்டர் விசிலைக் கடித்துக்கொண்டே, "புகைதான் காரணம்னா எல்லாரும் எறங்கி நடங்க. எனக்கும் டிக்கெட்டுக் கிழிக்கிற வேலை மிச்சம்" என்றார். பிறகு என்னைக் காட்டி, "அப்பு, நீங்க சொல்லுங்க. அந்தக் காலத்துல இம்புட்டு வெயிலு இருந்துச்சா இல்லையா?"

யோசித்துத்தான் சொன்னேன். "வெயிலு அப்பவும் இருந்துச்சு தம்பி. ராத்திரியில வெயிலு இல்ல."

நான் கெட்டிக்காரத்தனமாகச் சொன்னது இல்லை அது. வெட்டின கிணற்றுக்குள் கல்லில் படுத்துத் தூங்கினவன் நான். பகலெல்லாம் காய்ந்த கல் பின்னிரவுக்குள் குளிர்ந்துவிடும், முதுகு சொல்லும். இப்போது என் வீட்டுச் சிமெண்டுத் தரை விடியும்வரை குளிர்வதில்லை. யார் காரணம் என்று எனக்குத் தெரியாது. குளிரவில்லை என்பது தெரியும்.

12.20க்கு இறங்கினேன். மாப்பிள்ளை முருகேசன் ஸ்கூட்டரோடு நின்றார். பன்னிரண்டு வருஷம் குவைத்தில் இருந்து திரும்பியவர், நல்ல மனுஷர். ஊரிலிருந்து வீடு இரண்டு கிலோமீட்டர். மனையில் முளைக்குச்சி அடித்து, அறை அறையாக நூல் பிடித்திருந்தது. ஜல்லி ஒரு பக்கம், மணல் ஒரு பக்கம், செங்கல் இரண்டு லோடு. "இதுதான் பூசை ரூம்பு மாமா, இது ஒங்களுக்கு, கீழேயே, படி ஏற வேணாம்" என்று நூலுக்குள் நின்று ஒவ்வொன்றாகக் காட்டினார். எனக்கென்று பிடித்த நூலுக்குள் நானும் ஒருமுறை போய் நின்று பார்த்தேன்.

சாப்பிட்டுவிட்டுக் கடல்வரை நடந்தேன். மீனாள் கல்யாணத்தின்போது வாசற்படியிலிருந்து ஈர மணல்வரை முந்நூற்றுப் பன்னிரண்டு எட்டு எடுத்து வைத்திருந்தேன். இப்போது எண்ணினேன், முந்நூற்றிரண்டு. பத்து எட்டு வித்தியாசம் அலை ஏறுகிற நேரம், இறங்குகிற நேரம் என்பதிலேயே போய்விடும். கடல் இருந்த இடத்தில்தான் இருந்தது. அந்தக் கடலில் பெரிய அலையும் கிடையாது, குளம் மாதிரிக் கிடக்கும். வீணாகப் பயந்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மாப்பிள்ளையோடு பக்கத்து டீக்கடைக்குப் போனேன். கடை அடையாளம் சொல்ல மாட்டேன், காரணம் பின்னால் புரியும். கடைக்காரரைப் பாய் என்று மட்டும் சொல்கிறேன். அங்கேயும் அதே பேச்சுதான். மாப்பிள்ளை, தெற்கே இருந்த இறால் பண்ணைதான் நிலத்தைக் கெடுத்தது, அதை மூடி இரண்டு வருஷம் ஆகிறது, இரண்டு நல்ல மழை பெய்தால் தண்ணீர் பழையபடி ஆகிவிடும் என்றார். வலைக்காரர் ஒருவர், வெளிநாட்டுக்காரன் பண்ணுகிற புகைக்கு நாம் என்ன செய்வது என்றார். பாய் மட்டும், எதுவுமே மாறவில்லை என்றார். "எங்க வாப்பா காலத்துலயும் இதே கடலு, இதே காத்து. டிவிக்காரன் பேச்சக் கேட்டுட்டுப் பேசாதீங்க."

டீ பாகு மாதிரி இருந்தது. "சீனி கொஞ்சம் தூக்கலா இருக்கே பாய்" என்றேன்.

"வெயிலுக்கு நல்லா இனிப்பாக் குடிங்க அப்பு, தெம்பு."

"மவளுக்கு மாப்பிள அமைஞ்சிருச்சு போல, பாயி கை தாராளமாயிருச்சு" என்றார் வலைக்காரர்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு, யாரும் கிணற்றில் கை வைக்கும் முன்னால், வெறும் வயிற்றோடு போனேன். கடலோரக் கிணற்றில் மேல்தண்ணீரை நம்பக் கூடாது. நல்ல தண்ணீர் மேலே மிதக்கும், உப்பு அடியில் உட்கார்ந்திருக்கும். வாளியில் கல் கட்டி அடிவரை இறக்கி இழுத்தேன். ஒரு வாய் எடுத்து நாக்குக்கு அடியில் வைத்தேன். துப்பிவிட்டுக் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லேசான கரிப்பு இல்லை அது, கடல் உப்பு.

இங்கே நான் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தக் கிணறு இரண்டு ஆள் ஆழம்தான் இருந்தது. கஜா புயல் அடித்ததற்கு மறு வருஷம் தண்ணீர் கீழே போய்விட்டது. எங்கள் செம்மண் பூமியில் தண்ணீர் இறங்கினால் நாமும் இறங்குவோம், அதுதான் எங்கள் தொழில். இன்னும் ஒரு ஆள் ஆழம் வெட்டினேன். கரையோரத்தில் ஊற்றுக்குக் கீழே யாரும் போக மாட்டார்கள், போனால் உப்பு ஏறும். பாய் அன்றைக்கே வந்து, வேண்டாம் அப்பு என்று சொன்னார். உள்நாட்டுக்காரன் திமிர், கேட்கவில்லை.

அதனால் அந்தக் காலையில் என் பயம் இரண்டு மாதிரி இருந்தது. இறால் பண்ணை காரணம் என்றால் மழைக்குக் காத்திருக்கலாம். என் மண்வெட்டி காரணம் என்றால் அடியில் மணலைக் கொட்டி மூடினால் தீரும். இரண்டும் இல்லை என்றால் எதைச் செய்து தீர்ப்பது? குற்றம் என்னுடையதாக இருக்க வேண்டும் என்று எங்கள் ஊர்ச் சிவனை வேண்டிக்கொண்டேன். ஆயுசில் அப்படி ஒரு வேண்டுதல் வைத்ததில்லை.

மகளையும் மாப்பிள்ளையையும் கூப்பிட்டுச் சொன்னேன், கெடுத்தது நான்தான் என்று. மாப்பிள்ளை கோபிக்கவில்லை. முகம் மலர்ந்துவிட்டது.

"இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா மாமா? ரெண்டு டிராக்டர் மணல் போட்டா ஆச்சு. வெள்ளிக்கிழமை ஆரம்பிச்சிரலாம்" என்று போனைக் கையில் எடுத்துவிட்டார். எனக்கும் மூச்சு வந்தது. இருவரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

மீனாள் சிரிக்கவில்லை. "பாய் கெணத்த யாரும் தோண்டலயேப்பா. அவரு வீட்டுல ஏன் கேன் தண்ணி எறங்குது?" என்றாள்.

மூன்று பேரும் பாய் கடைக்குப் போனோம், வீடும் கிணறும் அதை ஒட்டித்தான். பாய் கிணறு கடற்கரைக்கு எதிர்ப்பக்கம், எங்கள் கிணற்றைவிட நூறு எட்டு உள்ளே தள்ளி. அவர் வாப்பா வெட்டினது, இரண்டு ஆளுக்கு மேல் ஒரு சாண்கூட இறங்கவில்லை. பண்ணை இருந்த பக்கமும் இல்லை. பாய் முதலில் கேன் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தார். கிணற்றுத் தண்ணீர்தான் வேண்டும் என்றேன். கடையில் வேறு ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, கயிற்றை என் கையில் கொடுத்தார்.

அடிவரை இறக்க வேண்டியிருக்கவில்லை. மேல்தண்ணீரே சொன்னது.

"எத்தன நாளா பாய்?"

"போன ஐப்பசியிலேருந்து. மழ பேஞ்சும் திரும்பல." அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "டீக்கும் கேன் தண்ணி வாங்கிக் கட்டாது. சீனியப் போட்டு ஓட்டிக்கிட்டு இருக்கேன் அப்பு. தண்ணி உப்புன்னு தெரிஞ்சா கடைக்கு எவன் வருவான். எங்க போவேன்?"

முந்தின நாள் கடையில், எதுவுமே மாறவில்லை என்று சத்தமாகச் சொன்னது இவர்தான்.

மாப்பிள்ளை வாளியை வாங்கி, உள்ளங்கையில் ஏந்திக் குடித்தார். துப்பவில்லை, விழுங்கினார். "அப்ப யாரு மாமா செஞ்சது?" என்று என்னைக் கேட்டார். பண்ணைக்காரனைத் திட்டின குரல் இல்லை அது.

"நானும் செஞ்சேன் மாப்பிள. நான் மட்டும் இல்ல" என்றேன்.

பஸ்ஸில் அந்தப் பெண் சொன்ன பால்சட்டி அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. அவள் சொன்னதுதான் காரணமா என்று அடித்துச் சொல்ல நான் படித்தவன் இல்லை. ஆனால் நான் எட்டு எண்ணிக் கடலின் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மேலே வரவில்லை. காலுக்குக் கீழே வந்துகொண்டிருந்தது. பூசை அறை, என் அறை, பேரப்பிள்ளைகள் படுக்கிற இடம் என்று மாப்பிள்ளை நூல் பிடித்திருந்த அத்தனைக்கும் அடியில், சத்தமில்லாமல். திரும்பி வருகிறபோது அந்த மனையில் கால் வைக்கவே பயமாக இருந்தது.

மத்தியானம் 2.40 வண்டிக்குத் திரும்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை வானம் தோண்டவில்லை. முளைகளைப் பிடுங்கி, நூலைக் குச்சியில் சுற்றி, மாப்பிள்ளையே பரண்மேல் வைத்துவிட்டார் என்று மீனாள் சொன்னாள். அவர்களுக்கு அறந்தாங்கி ரோட்டில் எட்டு கிலோமீட்டர் உள்ளே ஒரு துண்டு நிலம் இருக்கிறது. ஆடிக்குள் நான் போய்த் தண்ணீர் பார்த்துச் சொல்ல வேண்டும். "எட்டு கிலோமீட்டர் போதுமாப்பா?" என்று கேட்டாள். எத்தனை அடியில் ஊற்று என்று ஐம்பது வருஷம் சொன்ன வாய் இது. அன்றைக்கு அதில் ஒரு எண்ணும் வரவில்லை.

போகிறவர்களுக்கு: போக 68, வர 68, ஆக 136 ரூபாய். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் இலவசம், ஆனால் மாறி மாறிப் போக அரை நாள் ஆகும். கடல் பார்க்கக் காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். ஏலம் விடுகிற நேரத்தில் மீன் மலிவு. குடிதண்ணீர் இரண்டு லிட்டர் கையில் கொண்டு போங்கள். எழுதலாமா என்று பாயைப் போனில் கேட்டேன். ஊரே ஒருநாள் சொல்லத்தான் போகிறது, கடை பெயரை மட்டும் போடாதீர்கள் என்றார். அதனால் அந்தப் பக்கம் எந்தக் கடையில் நீங்கள் டீ குடித்தாலும், இனிப்பு தூக்கலாக இருந்தால் ஏன் என்று கேட்காதீர்கள். மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு வாருங்கள்.