கோயில் யன்னல் வீட்டுக் காவல்காரர்

முல்லைத்தீவுப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்தபோது, வெள்ளைக்காரன் ஒருவன் கட்டிவிட்டுப் போன பழைய பங்களாவில் எனக்கு அறை கிடைத்தது. மேலே கூராக முடியும் உயர்ந்த யன்னல்கள், உச்சியில் ஒரு சின்னக் கோபுரம். ஊருக்குப் புதியவர்கள் மாதா கோயில் என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டு போவார்கள்.

அதன் காவல்காரரை எனக்குப் பிடிக்கவில்லை. நெடிய, மெலிந்த மனிதர். கழுத்துவரை பூட்டிய காக்கிச் சட்டை. நான் கதவைச் சாத்தினால் போதும், துணியோடு வந்து என் யன்னல் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கிவிடுவார்.

"மாஸ்டர், இண்டைக்குப் பின்னேரம் ரேடியோவிலை நல்ல நாதஸ்வரம் இருக்காம். கேளுங்கோ," என்றார் ஒருநாள்.

அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருக்க லைசன்ஸ் வேண்டும். என் பெட்டிக்குள் லைசன்ஸ் எடுக்காத ரேடியோ ஒன்று இருந்தது; கதவைச் சாத்திக்கொண்டுதான் கேட்பேன். ஆள் உளவு பார்க்கிறார் என்று முடிவு கட்டினேன்.

"என்னட்டை ரேடியோ இல்லை."

ஆனாலும் பின்னேரம் ஆசை விடவில்லை. ரேடியோவை எடுத்து, நாதஸ்வரத்துக்கு மெல்லத் திருப்பினேன். சற்று நேரத்தில் லைசன்ஸ் பார்க்கிற புது உத்தியோகத்தர் வாசல் படலையில் நின்றார். காவல்காரர்தான் காட்டிக் கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன்.

"ஐயா, தொப்பியைக் கழட்டுங்கோ," என்றார் காவல்காரர். "உள்ளுக்குப் பூசை நடக்குது."

உத்தியோகத்தர் யன்னல்களை அண்ணாந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

காவல்காரர் என் யன்னலடிக்கு வந்தார்.

"மாதா கோயிலுக்கை நாதஸ்வரம் கேட்டால் எல்லாரும் நம்பாயினம், மாஸ்டர். ரேடியோவிலை மாதாவின்ரை வேதப்பாட்டுப் போடேக்கை சத்தமாய் வையுங்கோ. நாதஸ்வரம் யன்னலடியிலை எனக்குக் கேட்டால் போதும்."

பளபளத்துக்கொண்டிருந்த கண்ணாடியை மறுபடி துடைக்கத் தொடங்கினார்.