மூன்று பேர் வீட்டுக்கு ஒருத்தி கட்ட வேண்டிய வரி

ரயில் நிலையத்தில் அறிவிப்பு வாசிப்பது அவள் வேலை. வண்டி மூன்று மணி நேரம் தாமதம் என்பதைக்கூடக் கல்யாணச் செய்தி போலச் சொல்வாள். இருபத்திரண்டு வருடமாகத் தான் செய்யாத தப்புக்கு ஊராரிடம் வருத்தம் தெரிவித்தே பழகிப்போனவள். அவளுடைய அண்ணனும் தம்பியும் இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள்.

அப்பா விட்டுப்போன மாடி வீட்டில் மூவருக்கும் சமபங்கு. கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே ஒரு குடும்பம். இரண்டு வாடகையும் அவள் வங்கிக் கணக்குக்கு வரும். அது அண்ணனின் பெருந்தன்மை. "நீதாம்மா பக்கத்துல இருக்கே. நமக்குள்ள என்ன கணக்கு?" என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் இருந்த பாவத்துக்குக் குழாய் ஒழுகினாலும் சாக்கடை அடைத்தாலும் அவள்தான் ஓடினாள், அவள்தான் செலவழித்தாள். வாடகை மட்டும் வந்த மறுநாளே ஒழுங்காக மூன்றாகப் பிரிந்து போனது.

தன் பங்குக்கு அவள் வருடந்தோறும் வரி கட்டிவந்தாள். அப்படியிருந்தும் ஒருநாள் வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மூன்று வருட வாடகை முழுவதும் அவளுடைய வருமானமாம். மிச்ச வரியை அபராதத்தோடு கட்ட வேண்டுமாம்.

அண்ணனுக்குப் போன் செய்தாள். அவர் பள்ளித் தலைமையாசிரியர். நேர்மையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசாமல் பிள்ளைகளைக் காலையில் வகுப்புக்கு விடமாட்டார்.

"உன் கணக்குலதானேம்மா வருது? அப்ப அது உன் வருமானம்தானே?"

"உங்க ரெண்டு பேர் பங்கையும் மாசாமாசம் அனுப்பிடறேனேண்ணா!"

"அது தங்கச்சி பாசத்துல குடுக்கறது. பாசத்துக்கு யாராவது வரி கட்டுவாங்களா?"

தம்பியைக் கூப்பிட்டாள். "அக்கா, நீ பேசறதே கேக்கல, இங்க சிக்னல் இல்ல" என்று மிகத் தெளிவாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வரி அலுவலகம் போனாள். கோப்புக் குவியலுக்குப் பின்னாலிருந்து அதிகாரியின் நெற்றி மட்டும் தெரிந்தது.

"முழு வாடகையும் உங்க கணக்குக்குத்தானே வந்திருக்கு?"

"வந்தது சார். தங்கல."

பத்திரத்தையும் வங்கி அறிக்கையையும் நீட்டினாள். "பணம் அனுப்பினது தெரியுது. பங்குன்னுதான் அனுப்பினீங்கங்கறதுக்கு ஏதாவது இருக்கா?" என்றார் அவர்.

இருந்தது. அவள் கைப்பேசியில் மூன்று வருடம் இருந்தது. 'அக்கா, என் பங்கு இன்னும் வரல' என்று மாதம் தவறாமல் தம்பி. 'இம்மாதம் எனது பங்கில் சிறு தொகை குறைகிறது. விளக்கம் தேவை' என்று சுத்தத் தமிழில் அண்ணன்.

"இதைக் குடுத்தா அவங்களுக்கும் கடிதம் போகுமா சார்?"

"போகும். பத்திரத்துல யாருக்கு எவ்வளவு பங்கோ, அந்தப் பங்குக்கு அவங்கவங்கதான் வரி கட்டணும்."

கூடப்பிறந்தவர்கள் ஆயிற்றே என்று நீட்டிய கைப்பேசியைத் திரும்ப இழுத்துக்கொண்டாள். பாசத்துக்கு யாராவது வரி கட்டுவார்களா என்று அண்ணன் கேட்டதும் ஞாபகம் வந்தது.

"பிரதி எடுத்துக்குங்க சார்."

அதிகாரி அண்ணனின் செய்தியை இரண்டு முறை படித்தார். "விளக்கம் தேவைன்னு கேட்டிருக்காரே, நாங்களும் அவரை அதையேதான் கேக்கப்போறோம்" என்றார்.

அவள் பெயரில் கேட்ட வரி ரத்தானது. அடுத்த மாதம் அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் ஆளுக்கொரு கடிதம் போனது. "காட்டிக்குடுத்துட்டியேம்மா!" என்று அண்ணன் அழாத குறையாகக் கத்தினார். இரண்டு வாரம் பேச்சில்லை. அந்த இரண்டு வாரமும் அவளுக்கு நல்ல தூக்கம்.

மூன்றாவது வாரம் அவரே கூப்பிட்டார். ரிப்பேர் செலவுக்கு ரசீது காட்டினால் வரி குறையும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "குழாய், சாக்கடை ரசீதெல்லாம் வெச்சிருக்கியாம்மா?" குரலில் தேன் ஒழுகியது.

"எல்லாம் இருக்குண்ணா. உங்க பங்குச் செலவைக் குடுத்துட்டு வாங்கிட்டுப் போங்க."

ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்தார். பணத்தை மூன்று முறை எண்ணிக் கொடுத்தார். கொடுத்ததற்கு ஒரு ரசீது கேட்டார். முத்து முத்தாக எழுதிக் கொடுத்தாள்.